இச்சையடக்கம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியைப் பற்றி எழுதும் பவுல், அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிக்கிறார். அன்பை விட்டுவிட்டு அடக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வதிலிருந்தே நம்மிடையே காணப்படும் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது, அடக்கத்தை நாட்கணக்கில் எண்ணும் பழக்கம். தவக்காலத்தின் நாற்பது நாளும் சாராயத்தைத் தொடாமலிருந்தவர், உயிர்த்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தவறணைக்கு, அதாவது சாராயக்கடைக்கு, போகிறார். அந்த நாட்களில் மிச்சமான பணம் யாருக்குப் பயன்பட்டது, வீட்டில் தாம் பேசும் தொனி மாறியதா என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே கர்த்தருக்கு உகந்த உபவாசம் என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் சொல்கிறது. மிச்சப்பட்ட பணம் பக்கத்து லயன் வீட்டில் படிக்கும் பிள்ளையின் கொப்பிகளுக்குப் போயிருந்தால், அந்த நோன்புக்கு ஒரு பொருள் இருந்திருக்கும்.

அடுத்தது, மனவுறுதியை மட்டும் நம்பிச் சோதனைக்கு முன்னால் போய் நிற்பது. “ஜெபித்திருக்கிறேன், விழமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டு, சம்பள நாளில் முழுப் பணத்தையும் சட்டைப்பையில் வைத்தபடி தவறணைப் பாதையால் வருவது விசுவாசமாகாது. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு நின்று வாதாடவில்லை. வஸ்திரத்தையும் விட்டுவிட்டு ஓடினார். சம்பளத்தை வாங்கிய இடத்திலேயே மனைவியின் கையில் கொடுப்பதும், குடிக்காத நண்பர் ஒருவருடன் வேறு வழியால் வீடு திரும்புவதும் பலவீனத்தின் அடையாளங்கள் அல்ல. கவ்வாத்து வெட்டுவதற்கு (செடியின் கிளைகளைக் கத்தரிப்பதற்கு) முன் சில வாரங்கள் கொழுந்து பறிக்காமல் தேயிலைச் செடிக்கு ஓய்வு கொடுப்பது, வேரில் சத்துச் சேராத செடி வெட்டுப்பட்டால் மீண்டும் துளிர்க்காமல் பட்டுப்போகலாம் என்பதால்தான். ஜெபமும் வேதவாசிப்பும் நல்ல ஐக்கியமும் இல்லாமல் ஆசைகளை மட்டும் வெட்டிக்கொண்டிருப்பவரின் நிலையும் அதுவே. அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழத் தேவகிருபையே நமக்குப் போதிக்கிறது என்பது தீத்து 2ஆம் அதிகாரத்தின் உறுதியான வாக்கு.

பிள்ளைகளைப் பிரம்பால் அடக்குவதையே ஒழுக்கம் என்று எண்ணும் தகப்பன்மார், தம் கோபத்தை அடக்கத் தவறியவர்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்ற எபேசியர் 6:4 அவர்களுக்கே எழுதப்பட்டது.

எல்லாவற்றிலும் கவலை தருவது, அநியாயத்துக்கு முன் வாய் திறக்காதிருப்பதை இச்சையடக்கம் என்று போதிப்பதாகும். காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்த கொழுந்தின் நிறையைக் காரணமின்றிக் குறைத்து எழுதும்போது, கேள்வி கேட்கும் பெண்ணிடம் “கிறிஸ்தவள் பொறுமையாயிருக்க வேண்டும்” என்று சொல்வது வேதத்துக்கு நியாயம் செய்வதல்ல. பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. தாம் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டும்படியும், தகுதியாய்ப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்டதை யோவான் 18:23 பதிவு செய்கிறது. ஏசிப் பேசாமல், ஆனால் பின்வாங்காமல், கொழுந்தை மீண்டும் நிறுத்துக் காட்டும்படி கேட்கும் பெண் அந்த வழியில்தான் நடக்கிறாள். சபைப் பெரியவர்கள் அவளை அடங்கச் சொல்வதை விட்டுவிட்டு, அடுத்த நாள் அவளுடன் தராசடிக்குப் போய் நிற்கலாம்.