வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளையின் கையில் ஒரு கேமரா

பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பத்திலோ குழந்தைகள் இல்லத்திலோ இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கு ஒரு யோசனை. ‘குடும்பம்னா என்ன?’ என்று நேராகக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பழைய போன் ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் படம் எடுக்கச் சொல்லுங்கள். ‘உன் குடும்பத்தைப் படம் எடு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வலிக்கிற இடம் அது. ‘உனக்காக யாராவது எடுத்து வைத்தது’, ‘வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது’ என்று சின்னதாகக் கேளுங்கள். மூடி வைத்த சோற்றுத் தட்டு வரும். வாசலில் நாலு ஜோடி செருப்புக்கு நடுவே தன்னுடையதும் கிடக்கிற படம் வரும்.

1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் உருவாக்கிய ‘போட்டோவாய்ஸ்’ முறையை, அதாவது மக்களே படமெடுத்துத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் முறையை, ஒட்டியதுதான் இது. படத்தைவிட அதை வைத்து நடக்கும் பேச்சுதான் இதில் முக்கியம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதில் என்ன நடக்குது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்றெல்லாம் திருத்த வேண்டாம்.

அப்புறம், படங்களைப் பிரிண்ட் போட்டு அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். வீடு மாறி மாறி வளர்ந்தவர்கள் சிலரிடம் சொந்தப் படம் ஒன்றுகூட இருக்காது.

முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸில்கூடப் போடாதீர்கள். இவர்களைப் போலப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.