கேப் டவுனில் ஓடவும் மலையேறவும் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கடலோர விடுதியொன்றில் தங்கியிருப்பவர், காலை உணவை முடித்துக்கொண்டு புறப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் டேபிள் மவுண்டனின் அடிவாரத்தில் நிற்கலாம். அங்கு வெளியூர்க்காரர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்வதற்கு இந்த அண்மையே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன். மலை நகரத்தின் நடுவிலேயே இருப்பதாலும், உச்சிக்கு 1929 முதல் கேபிள் கார் ஓடுவதாலும், ஆயிரம் மீட்டரைத் தாண்டும் அந்தச் செங்குத்தான மலையை ஒரு பெரிய பூங்காவாக எண்ணி, சிறு தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியும் மட்டும் போதுமென்று பலர் ஏறிவிடுகிறார்கள்.

அடிவாரத்தில் காணும் வானிலையே உச்சியிலும் இருக்கும் என்று நம்புவது முதல் தவறு. கோடையில், அதாவது நமக்குக் குளிர்காலமான டிசம்பர், ஜனவரி மாதங்களில், தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம்தான் மேசை விரிப்பு என்று புகழ்பெற்ற வெண்படலமாக உச்சியில் படிந்து வழிகிறது. கீழிருந்து படமெடுப்பவருக்கு அது அழகாகத் தெரியலாம், ஆனால் அதற்குள் இருப்பவருக்குச் சில மீட்டர் தொலைவிலுள்ள பாறை விளிம்புகூடப் புலப்படாது. ஈரமும் காற்றும் சேர்ந்து உடல் வெப்பத்தை விரைவாகப் பறித்துவிடும். கீழே வெயில் சுட்டாலும் காற்றுபுகா மேலாடை ஒன்றும் உடலைச் சூடாக வைக்கும் உடை ஒன்றும் பையில் இருந்தே ஆகவேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலம் அங்கு மழைக்காலமும் ஆகும். அப்போது பாறைகள் வழுக்கும், ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

நம் ஊரிலிருந்து செல்பவர்கள் திசைக் கணக்கிலும் பிழை செய்வதுண்டு. தென் அரைக்கோளத்தில் 34 பாகை அட்சரேகையில் இருக்கும் அந்நகரில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில் நிற்கும். ஆகவே நகரை நோக்கிய வடக்குச் சரிவில் ஏறும் பிளாட்டக்ளிப் கோர்ஜ் பாதையில் நிழல் குறைவு. கோடையில் அதை விடியற்காலையிலேயே தொடங்கவேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துச் செல்லவேண்டும்.

எல்லாப் பாதைகளும் உச்சிக்குத்தான் போகின்றன என்று அவற்றை ஒன்றாகக் கருதக்கூடாது. பிளாட்டக்ளிப் கோர்ஜ் கல்படிகளாகச் செல்லும், களைப்பூட்டினாலும் வழி தவறுவது அரிது. கேபிள் காருக்குக் கீழாகச் செல்லும் இந்தியா வென்ஸ்டர் பாதையிலோ கைகளால் பற்றிப் பாறையேறவேண்டிய இடங்கள் உண்டு. வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரிவதால் அதைத் தேர்ந்தெடுத்து நடுவில் திகைத்து நிற்பவர்களை மீட்கவேண்டிய நிலை அடிக்கடி ஏற்படுகிறது. கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஸ்கெலட்டன் கோர்ஜ் காட்டு நிழலுள்ள இனிய வழிதான். ஆனால் ஏணிகளும் ஈரப் பாறைகளும் உள்ள அப்பாதையில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்தானது.

மிகக் கொடிய தவறு இறங்கும்போதுதான் நிகழ்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் நகரத் தெருக்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். களைத்துப்போனவருக்கு, பாதையை விட்டு ஏதோவொரு பள்ளம் வழியே நேராக இறங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த மலையின் மணற்கல் கிடைமட்டப் படுகைகளாக அமைந்திருப்பதால், சரிவு போல் தொடங்கும் பள்ளம் செங்குத்துப் பாறையில் சென்று முடிகிறது. ஒரு திட்டிலிருந்து கீழ்த் திட்டுக்குச் சறுக்கி இறங்கியவர் அதற்கும் கீழே இறங்க முடியாமலும், வந்த இடத்துக்கு ஏற முடியாமலும் அகப்பட்டுக்கொள்கிறார். வழி தவறியது தெரிந்தவுடன், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கடைசியாகத் தெளிவாக அறிந்த இடத்துக்குத் திரும்பி ஏறுவதே சரி. நடந்து ஏறிக் கேபிள் காரில் இறங்கலாம் என்று திட்டமிடுவோர், காற்று வலுத்தால் அது நிறுத்தப்படும் என்பதையும், ஆண்டுதோறும் பராமரிப்புக்காகச் சில நாட்கள் மூடப்படும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நடந்தே இறங்கும் அளவுக்கு வலிமையும் வெளிச்சமும் தண்ணீரும் கைவசம் இல்லாதவர் அத்திட்டத்தில் இறங்கக்கூடாது.

அருகிலுள்ள 669 மீட்டர் உயர லயன்ஸ் ஹெட் குன்றில் சூரிய மறைவைக் காணக் கூட்டம் சேரும். ஏணிகளும் சங்கிலிகளும் உள்ள அக்குன்றில் இருட்டியபின் இறங்குவதற்குக் கைப்பேசி விளக்கு உதவாது, ஏனெனில் இரு கைகளும் பிடிமானத்துக்கு வேண்டும். தலையில் அணியும் விளக்கு ஆளுக்கு ஒன்று தேவை.

தனியாகச் செல்வதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லவேண்டும். மலைப்பாதைகளில் வழிப்பறி நடப்பது அந்நகரத்தார் நன்கறிந்த உண்மை. நால்வருக்குக் குறையாத குழுவாகச் செல்லுமாறு அவர்களே அறிவுறுத்துகிறார்கள். கடவுச்சீட்டு, நகை, விலையுயர்ந்த கேமரா ஆகியவற்றை விடுதியில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். யாரேனும் மிரட்டினால் எதிர்த்து நிற்காமல் கேட்பதைக் கொடுத்துவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு. எந்தப் பாதை அண்மையில் பாதுகாப்பாக உள்ளது என்பதை விடுதிக்காரரிடமோ பூங்காக் காவலர்களிடமோ அன்று காலையே கேட்டறிவது நல்லது.

ஓடுவதற்குச் சீ பாயிண்ட் கடற்கரை நடைபாதையே வெளியூராருக்கு ஏற்றது: சமதளம், காலையிலும் மாலையிலும் ஆள்நடமாட்டம் மிகுதி. அங்கும் பொழுது புலராத வேளையிலோ இருட்டிய பின்போ காதுகளை அடைத்துக்கொண்டு தனியே ஓடுவது தவறு. காற்று வீசும் நாளில் முதலில் எதிர்க்காற்றில் ஓடிவிட்டு, திரும்பும்போது அது முதுகைத் தள்ளுமாறு திட்டமிட்டால் களைப்பு குறையும். மண்பாதைகளில் ஓடுபவர்கள் அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே ஓடவேண்டும், ஏனெனில் பஃப் ஆடர் எனும் நச்சுப்பாம்பு வெயில் காயப் பாதையிலேயே படுத்திருக்கும். காலடி ஓசை கேட்டாலும் விலகாமல் அசையாது கிடப்பது அதன் இயல்பு.

ஓட்டம் முடிந்த சூட்டோடு அட்லாண்டிக் பக்கக் கடலில் குதிப்பதையும் தவிர்க்கவேண்டும். கோடையின் தென்கிழக்குக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. அதனால் வெயில் கொளுத்தும் நாளிலும் நீர் 10 முதல் 14 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கக்கூடும். வெதுவெதுப்பான வங்கக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அந்தத் திடீர்க் குளிர் மூச்சைத் திணறச் செய்துவிடும்.

புறப்படும் முன், எந்தப் பாதையில் ஏறி எதில் இறங்குவீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டு, அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். கைப்பேசியிலிருந்து 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். அழைத்தபின் மின்கலத்தைச் சேமித்து, இருந்த இடத்திலேயே காற்று மறைவில், பையிலுள்ள உடைகளையும் அணிந்துகொண்டு காத்திருங்கள்; மீட்பவர்கள் நீங்கள் சொன்ன இடத்தில்தான் தேடுவார்கள்.