வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாமா என்று பேச்சு எடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் வீட்டை நானே பெருக்கித் துடைக்க முடியாதா, அதற்கு இன்னொருவரா?" என்பார். இன்னொருவர் "காசு கொடுக்கிறோம், செய்துவிட்டுப் போகட்டும்" என்று முடித்துவிடுவார். கேட்பதற்கு எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. சுத்தம் செய்வதை நேரமும் உடலுழைப்பும் கைப்பழக்கமும் கேட்கிற ஒரு வேலையாக இருவருமே எண்ணுவதில்லை. முதலாமவருக்கு அது தன் கடமை. இரண்டாமவருக்கு அது யாரும் செய்துவிடக்கூடிய சின்ன விஷயம். இந்த விஷயத்தில் நாம் செய்கிற தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

கூச்சத்தில் ஆரம்பிக்கும் தவறு

கார் பழுதானால் மெக்கானிக்கிடம் விடுகிறோம், சட்டை தைக்கத் தையற்காரரிடம் கொடுக்கிறோம். அப்போதெல்லாம் மனசு உறுத்துவதில்லை. தரை துடைக்க ஆள் வைக்கும்போது மட்டும் உறுத்துகிறது. குறிப்பாகப் பெண்களுக்கு. வீடு சுத்தமாக இருப்பதை ஒரு பெண்ணின் குணத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால், ஆள் வைத்தவுடன் "சோம்பேறி" என்ற பட்டம் தயாராகிவிடுகிறது. ஆள் வைத்த ஆணை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கூச்சம் தனி மனிதர்களோடு நிற்கவில்லை. ஸ்வீடனில் 1990-களில் அது பெரிய அரசியல் விவாதமாகவே ஆனது. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கு வரிச்சலுகை தரலாம் என்று 1993-ல் ஒரு பொருளாதார அறிஞர் யோசனை சொல்ல, 'பணிப்பெண் விவாதம்' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. பழைய எஜமான் காலம் திரும்பி வரும் என்றது ஒரு தரப்பு. கணக்கில் வராமல் மறைவாக நடக்கும் வேலை வெளிச்சத்துக்கு வரும், செய்பவருக்கும் பாதுகாப்பு கிடைக்கும் என்றது இன்னொரு தரப்பு. 2007 ஜூலையில் சலுகை வந்தது. ஒரு வரம்புக்குள், கூலியில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். விவாதம் அப்புறமும் ஓயவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பணம் இருந்தும் கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2017-ல் வெளியானது அது. அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், பிடிக்காத வேலையைப் பணம் கொடுத்து ஒப்படைத்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதாகச் சொன்னார்கள். கனடாவின் வான்கூவரில் 60 பேரிடம் ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்துப் பொருள் வாங்கச் சொன்னார்கள், இன்னொரு வார இறுதியில் அதே தொகையை நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவது ஒன்றுக்குச் செலவிடச் சொன்னார்கள். நேரத்துக்குச் செலவிட்ட நாளில்தான் மனம் லேசாக இருந்தது. அதே ஆய்வில், நெதர்லாந்தின் கோடீசுவரர்கள் 800-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் இப்படி ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை என்று தெரிந்தது. கையில் பணம் இல்லாததா அவர்களைத் தடுத்தது?

அதற்காக எல்லோரும் ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெருக்கித் துடைப்பது சிலருக்கு மனசை அடக்கும் வேலை, அவர்கள் செய்யட்டும். வைக்க விரும்புகிறவர் மட்டும், ஊர் என்ன சொல்லும் என்று யோசித்து அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ரகசியமாக வைத்தால் சம்பளம், விடுப்பு பற்றியும் யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாது. அந்த மௌனத்தின் நஷ்டம் வேலைக்கு வருகிறவர் தலையில்தான் விழும்.

"ஆள் வைத்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது"

யார் பெருக்குவது, யார் கழிவறை கழுவுவது என்று கணவன் மனைவிக்குள் ஓயாத சண்டை நடக்கும். கடைசியில் "சரி, ஒரு ஆளை வைத்துக்கொள்" என்பார் கணவர். பெரிய மனசுதான். ஆனால் ஆளைத் தேடுவது, பேசுவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது, அவர் வராத நாளில் மாற்று பார்ப்பது, சோப்பும் துடைப்பமும் தீர்ந்துபோகாமல் கவனிப்பது எல்லாம் மனைவியிடமே மிஞ்சி நிற்கும். கைவேலை குறைந்து தலைவேலை கூடியிருக்கும். ஆள் வைக்கும் முடிவோடு, அவரோடு பேச வேண்டியது யார் என்பதையும் அன்றைக்கே பிரித்துக்கொள்வது நல்லது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, சம்பளமில்லாமல் வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் பெண்களுடையது. சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டு வேலை செய்பவர்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 7 கோடியே 56 லட்சம் பேர் என்று அதே அமைப்பு 2021-ல் சொன்னது. அவர்களிலும் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள்தான். ஆக, ஆள் வைக்கும்போது பல வீடுகளில் வேலை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிறது. ஆண்கள் பக்கம் அது வருவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், ஆள் இருக்கிற வீட்டிலும் தன் தட்டைத் தானே கழுவி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். பிள்ளைகளுக்கும் அதுதான் பாடம். ஆள் வைத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள், தங்கள் படுக்கையையும் மேசையையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும்படி விட்டால் போதும். நாம் அவரிடம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் முடியாத வேலை

சம்பளம் பேசும்போது நடக்கிற பெரிய தவறு, நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வது. "சின்ன வீடுதான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்." யார் செய்து பார்த்துச் சொன்னது? ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒருநாள் நீங்களே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முழு வீட்டையும் சுத்தம் செய்து பாருங்கள். ஒட்டடை அடித்து, மின்விசிறி துடைத்து, பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, குளியலறைச் சுவரில் படிந்திருக்கும் உப்புக்கறையைத் தேய்த்து, அடுப்பு மேடையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து முடித்த பிறகு எவ்வளவு நேரம் ஆனது, முதுகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான் அப்படிச் செய்த நாளில், நான் பேசி வைத்திருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆயிற்று. பழகிய கை என்னைவிட வேகமாகச் செய்யும், உண்மைதான். அந்த வேகத்தில் உள்ள திறமைக்கும் சேர்த்துத்தானே சம்பளம்?

ஒதுங்க வைப்பதும் சுத்தம் செய்வதும் வேறு வேறு வேலைகள் என்பதையும் மறந்துவிடுகிறோம். மேசை முழுக்கக் காகிதமும் சார்ஜரும் மருந்து அட்டையும் கிடந்தால் துடைக்க வருகிறவர் என்ன செய்வார்? எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. அவர் எடுத்து வைத்தால் "என் பொருளை எங்கே வைத்தீர்கள்" என்று நாமே கேட்போம். அவர் வருமுன் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்துவிடுவது நம் வேலை. வெட்கப்பட்டுக்கொண்டு அழுக்கையும் முன்கூட்டியே தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. அந்த அழுக்கை எடுக்கத்தான் அவர் வருகிறார்.

"எங்கள் வீட்டில் ஒருத்தர் மாதிரி"

அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தையைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வீட்டில் ஒருத்தருக்கு விடுப்பு எழுதி வைக்க மாட்டோம், கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டோம். "அப்படியே அந்த ஜன்னலையும் துடைத்துவிடுங்க அக்கா" என்று உரிமையோடு சொல்வோம். உரிமை முழுக்க நம் பக்கம், மறுக்க முடியாத சங்கடம் முழுக்க அவர் பக்கம். அன்பு இருக்கட்டும், அது சம்பளத்துக்கு மேலே இருக்கட்டும்.

என்னிடமும் அந்தத் தவறு நடந்தது. எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் வந்த ஒரு அக்காவிடம் மிகவும் நெருக்கமாகப் பழகினோம். இரண்டு வாரம் வெளியூர் போனபோது "நீங்களும் ஓய்வு எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் அந்த நாள்களைக் கழித்துச் சம்பளம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு வாரம் அவர் கேட்ட ஓய்வு இல்லை, என் பயணத்துக்காக அவர் இழந்த வருமானம் என்பது எனக்கு உறைக்க மாதக்கணக்கு ஆனது. உறைத்த பிறகு அந்தத் தொகையைக் கொடுத்தேன். ஆனால் அந்த மாதத்தை அவர் எப்படி ஓட்டினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டுப் பணியாளர்களுக்கென்றே ஒரு பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை அது. முதலில் ஏற்றுக்கொண்ட நாடு உருகுவே. 2013 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேட்டிருப்பது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள்: என்ன வேலை, எத்தனை நேரம், எவ்வளவு சம்பளம் என்பது பணியாளருக்குப் புரியும்படி, முடிந்தால் எழுத்தில், தெரிய வேண்டும். மாதம் ஒருமுறையாவது சம்பளம் கைக்கு வர வேண்டும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். பொருளாகக் கொடுப்பது சம்பளத்தில் சிறு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதுவும் அவர் ஒப்புக்கொண்டதாக, அவருக்கே பயன்படுவதாக இருக்க வேண்டும். பழைய துணியும் வேண்டாத பாத்திரமும் கொடுத்துவிட்டுச் சம்பள உயர்வைத் தள்ளிப்போடுகிற வழக்கத்தை இந்தக் கடைசி வரியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

உலகில் வீட்டு வேலை செய்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எந்தப் பதிவும் பாதுகாப்பும் இல்லாமல் வேலை செய்கிறார்கள். அதனால் எழுத்தில் இருப்பது நம் வீட்டு நோட்டில் ஒரு பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. இருவரும் சேர்ந்து எழுதுங்கள். நாம் வேண்டாம் என்று சொல்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா, அவருக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு உண்டா என்பதையும் அதில் சேருங்கள். கழிவறை கழுவ வருகிறவருக்கு அந்தக் கழிவறையைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பது எழுத வேண்டிய விஷயமே இல்லை, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். பல வீடுகளில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

செயலியிலோ நிறுவனத்திலோ ஆள் பிடித்தால் இதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். நாம் கட்டும் தொகையில் எவ்வளவு வருகிறவர் கைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

பொருள் காணாமல் போனால்

மோதிரத்தைக் காணோம் என்றதும் மனசு முதலில் போகிற இடம் எது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கேள்வியாகக் கேட்டாலே அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும், ஒருமுறை விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. வீட்டிலுள்ளவர்கள் முழுதாகத் தேடிய பிறகே பேச்சை எடுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காகப் பணத்தை வெளியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். நம்பிக்கை வரும் வரை விலையுயர்ந்ததைப் பூட்டி வைப்பதில் தவறு எதுவும் இல்லை, அது அவருக்கும் பாதுகாப்பு.

குப்பிகளில் இருக்கிற ஆபத்து

கறை போக வேண்டும் என்று நாமே வாங்கிக் கொடுக்கும் திரவங்கள் பற்றி யாரும் பேசுவதில்லை. பிளீச்சோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவம் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில் இரண்டும் நுரையீரலைப் பொசுக்கக்கூடியவை. குப்பியில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்வதும், எதை எதோடு கலக்கக் கூடாது என்று காட்டுவதும், கையுறை வாங்கி வைப்பதும் ஆள் வைக்கிறவரின் பொறுப்பு.

கலக்காமல் பயன்படுத்தினாலும் நாளடைவில் பாதிப்பு உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை 20 ஆண்டு இடைவெளியில் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சுத்தம் செய்யும் வேலை பார்த்த பெண்களுக்கும், சொந்த வீட்டைச் சுத்தம் செய்து வந்த பெண்களுக்கும், மற்றவர்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. பெரும்பாலான இடங்களுக்குத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியுமே போதும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ஸ்பிரேயாக அடிப்பதைவிடத் துணியில் ஊற்றித் துடைத்தால் மூச்சில் போவது குறையும். நம் வீட்டில் வாரம் ஒருமுறை ஏறும் நெடி, நான்கு வீடுகளுக்குப் போகிறவருக்குத் தினமும் ஏறுகிறது.

நிறுத்தும்போது

செலவு கட்டுப்படியாகவில்லை, வீடு மாறுகிறோம், இனி நாமே செய்யலாம் என்று தோன்றுகிறது. எந்தக் காரணமாக இருந்தாலும் "நாளையிலிருந்து வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவருடைய நாள் வீடு வீடாக, மணி மணியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, நம் வீட்டு நேரம் காலியானால் அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைப்பது எளிதில்லை. ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள். நல்ல வேலைக்காரர் என்றால் தெரிந்தவர்களிடம் நீங்களே பேசி, நீங்கள் கொடுத்த சம்பளத்தையும் விடுப்பையும் சேர்த்தே சொல்லுங்கள், புது வீட்டில் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.