சார்ட்டர் சிறுவிமானம் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தை முழுதாக வாடகைக்கு அமர்த்திப் பயணிக்கும் சார்ட்டர் சேவைக்குப் புதிதாக வரும் விமானிகளின் அருகில் அமர்ந்து பறக்கும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். பயிற்சிப் பள்ளியிலேயே திருத்தப்படும் சிறு கவனக்குறைவுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழுதைப் பதிவேட்டில் எழுதாமல் புறப்படுவது

பிஸ்டன் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள் தனித்தனியே மின்பொறி தருகின்றன. புறப்படும் முன் ஒவ்வொரு மேக்னெட்டோவையும் அணைத்துப் பார்க்கையில் சுழல்வேகம் கையேட்டின் வரம்பைத் தாண்டிக் குறைந்தாலோ, என்ஜின் உதறினாலோ, பெரும்பாலும் பிளக்கில் படிந்த ஈயமோ எண்ணெய்க் கரியோதான் காரணம். கலவையில் எரிபொருளைக் குறைத்துச் சிறிது நேரம் ஓட்டினால் அந்தப் படிவு எரிந்துவிடும். இதுவரை தவறில்லை. உதறல் நின்றதும் ஒன்றும் எழுதாமல் கிளம்பிவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு விமானத்தைச் சோதனைப் பறத்தலுக்கு எடுத்தபோது வலது மேக்னெட்டோவில் என்ஜின் உதறியது. பதிவேட்டில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. விசாரித்தால், முன்பு ஓட்டிய விமானிகள் மூவரும் அதையே கண்டு, "எரிச்சுட்டா சரியாயிடும் சார்" என்று அவரவர் போக்கில் கடந்து சென்றிருக்கிறார்கள். பொறியாளர் கழற்றிப் பார்த்தபோது ஒரே சிலிண்டரின் பிளக் எண்ணெயில் நனைந்திருந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, அழுத்தமும் குறைந்திருந்தது. மூவரில் ஒருவர் எழுதியிருந்தாலும் அடுத்தவர் அதைத் தற்செயலான படிவு என்று நினைத்திருக்க மாட்டார்.

எழுதினால் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை விமானம் நிற்கும், பயணிகளோ காத்திருக்கிறார்கள் என்பதே அவர்கள் தயங்கக் காரணம். "பழுதோடு பற" என்று எந்த நிர்வாகியும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று மீண்டும் மீண்டும் கேட்பதே போதுமான நெருக்கடியாகிவிடுகிறது. ஆகவே எந்த மேக்னெட்டோ, எத்தனை சுற்றுகள் குறைந்தன, எரித்த பின் என்ன ஆயிற்று என்பதை, அலுவலகத்தோடு பேசுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

வெயில் நாளில் கார்ப்பரேட்டரில் பனி பிடிக்காது என்று நம்புவது

எரிபொருள் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டருக்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் குறையக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வெளியே 25 பாகை செல்சியஸ் இருக்கும்போதும் பனி பிடிக்கலாம். திறனைக் குறைத்து இறங்கும் நேரமே இதில் மிகவும் ஆபத்தானது. பனியை உருக்க கார்ப்பரேட்டருக்குள் வெப்பக்காற்றைத் திறந்ததும் என்ஜின் சற்று உதறுவது, பனி உருகுவதால்தான். அஞ்சி உடனே மூடிவிடாதீர்கள்.

இரண்டு என்ஜின்கள் இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்ற தைரியம்

2000 மே 31 அன்று ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வயாலா சென்ற பைப்பர் சீஃப்டன் விமானத்தின் இரண்டு என்ஜின்களும் பழுதடைந்தன. ஸ்பென்சர் வளைகுடாவில் அதிலிருந்த 8 பேரும் உயிரிழந்தனர்.

எரிபொருள் நிரப்பும்போது விலகி நிற்பது

அருகிலேயே நில்லுங்கள். பிஸ்டன் என்ஜினுக்கான 100 எல்எல் என்னும் விமானப் பெட்ரோல் நீல நிறம் கொண்டது. ஆனால் ஜெட் எரிபொருள் கலந்த பிறகும் நீலம் தெரியக்கூடும் என்பதால், வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு, காய்ந்தபின் எண்ணெய் வளையம் எஞ்சுகிறதா என்றும் பாருங்கள்.