சென்சாரைச் சரிபார்க்க வெந்நீர் வேண்டாம், ஐஸ் போதும்

ஜெர்மனிக்கு சென்சார், அளவீட்டுத் தொழில்நுட்பம் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் பிடி100 வெப்பநிலை சென்சாரை (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார், 0 டிகிரியில் 100 ஓம்) வீட்டிலேயே பழகிப் பார்க்கும்போது, கொதிநீரில் வைக்காமல் ஐஸில் வையுங்கள். பிளாஸ்கில் பொடித்த ஐஸை நிரப்பி, சந்துகள் நிறையும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டர் 100 ஓம் காட்ட வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து, வருகிற ஓமைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். 0.4 ஓம் பிசகினாலே ஒரு டிகிரி போச்சு.

ஐஸ் உருகுவது எந்த ஊரிலும் 0 டிகிரிதான். கொதிநிலை அப்படி இல்லை, ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். பாலக்காட்டில் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் (அங்கே பருப்பு சீக்கிரம் வேகாததும் இதனால்தான்).

மீன் கடை ஐஸ் மட்டும் வேண்டாம். உப்பு கலந்திருந்தால் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். தண்ணீர் புகும் சென்சாருக்கும் இது ஆகாது. அப்புறம், இதில் தெரிவது 0 டிகிரியில் உள்ள பிழை மட்டுமே. 200 டிகிரி அடுப்பில் வைக்கப்போகும் சென்சாருக்கு இது போதாது.