கடல் பார்த்த வீடும் இழுத்து மூடிய திரையும்: கொழும்பு உயர்மாடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தைக் கரையோர வீதியில் பிற்பகல் மூன்றரை மணிக்கு நின்று அண்ணாந்து பாருங்கள். கடலைப் பார்த்த மாடிகளில் பெரும்பாலான கண்ணாடிகளுக்குப் பின்னால் திரை இழுத்து மூடியிருக்கும். சில வீடுகளில் செய்தித்தாளே ஒட்டியிருப்பார்கள். கடல் தெரிய வேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வீடுகள் இவை. நானும் அப்படி ஒரு வீட்டில், எட்டாம் மாடியில், ஆறு வருடம் இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அம்மா திரையை இழுத்துவிடுவார். ஆறு மணிக்குத்தான் திறப்பு. கட்டடத் துறையிலேயே வேலை செய்கிற எனக்கு அந்தத் திரை ஒவ்வொரு நாளும் மனதைக் குத்தியது. ஏனென்றால் அந்தத் தவறு வரைபடத்திலேயே நடந்தது, அங்கேயே தவிர்த்திருக்கக் கூடியது.

கொழும்புக்குக் கடல் மேற்கே இருக்கிறது. எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஏப்ரலில் சூரியன் உச்சம் கொடுக்கும்போது மதிய வெயில் கூரையில்தான் விழும், சுவரை அதிகம் தொடாது. ஆனால் மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது வெயில் நேராக வரவேற்பறைக்குள் நடந்து வருகிறது. பல்கனி இருந்தால் நிழல் கிடைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த நேரத்தில் 7 அடி உயரக் கண்ணாடியை முழுதாக மறைக்க, மேலே 12 அடி நீளத்துக்குக் கூரை நீட்டியிருக்க வேண்டும். நம்முடைய பல்கனிகள் நாலடி, ஐந்தடி. நாலடிப் பல்கனி கண்ணாடியின் மேல் பகுதியில் இரண்டேகால் அடி அளவுக்குத்தான் நிழல் கொடுக்கும். மிச்சமெல்லாம் வெயில்.

மேற்கு வெயிலுக்குக் கிடைமட்டக் கூரை மட்டும் போதாது. செங்குத்தான தடுப்புகள், திறந்து மூடக்கூடிய வெளிப்புறச் சட்டங்கள், அல்லது கண்ணாடியைக் குறைத்துச் சுவரைக் கூட்டுவது என்று வழிகள் உண்டு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே போடும் திரை வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கும். அதை வெளியே தள்ளும் வேலை ஏசியின் தலையில், கட்டணம் உங்கள் தலையில்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வருவதும் அதே பக்கத்திலிருந்துதான். கடல் உப்பு வருவதும் அங்கிருந்துதான். அதாவது கட்டடத்தின் நான்கு முகங்களில் மிகக் கடுமையாக அடிவாங்கும் முகத்தில்தான் மிக மெல்லிய, மிக அதிகக் கண்ணாடியை வைக்கிறோம். வீடு வாங்கப் போகிறவர் காலையில் போய்ப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. காலை பத்து மணிக்கு எல்லா மேற்கு வீடும் சொர்க்கம்தான்.

கண்ணாடியின் வடிவமும் ஆளைப் படுத்தும். லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் தெற்கு முகம் உட்குழிந்தது. 2013இல், கட்டி முடியும் தறுவாயில், அது வெயிலைக் குழிவு ஆடி போலத் தெருவில் குவித்து, நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. அடுத்த வருடம் வெளியே நிழல் தகடுகள் பொருத்தித்தான் சரிசெய்தார்கள். அதை வடிவமைத்த ரஃபேல் வின்யோலியின் லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றிலும் அதற்கு முன்பே இதே சிக்கல் வந்திருந்தது. லண்டன் வெயிலுக்கே கார் உருகியது என்றால் நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உட்குழிந்த கண்ணாடி முகம் வேண்டவே வேண்டாம்.

சரி, கண்ணாடி திறக்குமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் தரையோடு இருந்த பழைய வீடுகளில் கதவைத் திறந்து வைத்துப் படுத்தார்கள். உயர்மாடிகளில் இருந்த பலருக்கு ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. வீட்டின் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் அந்த ஒரு சாணாலும் பயன் குறைவு, காற்று வர வழி இருந்தால் போக வழி இருக்காது. குழந்தை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஜன்னலைக் கட்டுப்படுத்துவது சரியான காரணம். ஆனால் அதற்குக் கம்பியோ, உயரத்தில் ஒரு காற்றுத் துவாரமோ வைத்திருக்கலாம்.

இது தெரியாத கலை ஒன்றுமில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பிலேயே அரச ஈட்டு வங்கிக்காக 12 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். காற்று வரும் திசையையும் நிழலையும் வைத்து அதன் உருவத்தை வகுத்தார். உயர்ந்த கட்டடமும் காற்றோட்டமாக இருக்க முடியும் என்று இந்த நகரத்துக்கு அவர் காட்டிக் கொடுத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. அதைப் பார்த்துப் படிக்க யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கண்ணாடி விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்டன் நகரத்தின் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்தில் 1972, 73 ஆண்டுகளில் கண்ணாடிகள் உடைந்து விழத் தொடங்கின. இரட்டைக் கண்ணாடிகளை ஓரத்தில் இணைத்த ஈயப் பற்று மிக விறைப்பாக இருந்தது. சூட்டிலும் காற்றிலும் கண்ணாடி அசைய அது இடம் கொடுக்கவில்லை, கண்ணாடிதான் வெடித்தது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். அதுவரை ஓட்டைகளை ஒட்டுப்பலகையால் மூடியிருந்த கோபுரத்தை ஊரே வேடிக்கை பார்த்தது.

நமக்குக் கண்ணாடி பற்றிய பாடம் இன்னும் கொடியது. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 91 பேர் இறந்தார்கள். சிதறிய கண்ணாடி பட்டுப் பார்வை இழந்தவர்கள் பலர். லேமினேட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் படலம் உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துச் செய்யும் வெறும் டெம்பர்ட் கண்ணாடி வலுவானதுதான், ஆனால் உள்ளே நிக்கல் சல்பைட் துகள் ஒன்று சிக்கியிருந்தால், யாரும் தொடாமலே ஒரு நாள் வெடிக்கலாம். அதனால் தெருவுக்கு மேலே தொங்கும் கண்ணாடிக்கும் பல்கனித் தடுப்புக்கும் லேமினேட் கேளுங்கள். விலைப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவது இதுதான் என்பதை வேலையிடங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி உப்பும் தண்ணீரும். கட்டி மூன்றே வருடத்தில் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகள் ஒழுகியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் மோசம் என்று சொல்லி மறுபடி பெயின்ட் அடிப்பார்கள், அடுத்த மழையிலேயே கோடு திரும்ப வரும். பெரும்பாலும் பெயின்ட்டில் குற்றமில்லை. ஜன்னல் திண்ணையும் பல்கனிப் பலகையும் வெளியே கொஞ்சம் நீண்டு, அடியில் ஒரு சின்னப் பள்ளக்கோடு இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகச் சுருண்டு வந்து சுவரோடு வழியும், தூசியைக் கூட்டி வரும், ஈரத்தில் பாசி பிடிக்கும். ஒரு விரல் அகலப் பள்ளம்தான். பழைய கொழும்பு வீடுகளின் நீண்ட தாழ்வாரம் செய்த வேலையை உயர்மாடியில் அந்தப் பள்ளம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ‘சுத்தமான கோடு’ வேண்டும் என்று திண்ணை, சொட்டுக்கோடு எல்லாவற்றையும் வரைபடத்திலிருந்து வழித்துவிடுகிறோம். படத்தில் சுத்தமாக இருப்பது மழையில் அழுக்காகிறது.

கைப்பிடிக் கம்பிகளில் பழுப்புக் கறை வருவதும் இப்படித்தான். கடற்கரையில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்காது, 316 வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு, விலைதான் வேறு. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கனம் குறைந்தால் உப்பு அதைத் தேடிப் போகும். துரு பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் கொங்கிரீட் வெடித்து உதிரும். வார்க்கும் நாளில் கம்பிக்கு அடியில், அந்தக் கனத்தைக் காக்கும் கவர் கட்டையை ஒழுங்காக வைக்காமல் விட்ட சோம்பல், பதினைந்து வருடம் கழித்து ஒருவர் தலைக்கு மேல் பல்கனி அடியிலிருந்து துண்டாக விழுகிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்ப்பது பணக்கார நாடுகளிலும் நடந்ததுதான். சிகாகோவின் 83 மாடி அமோக்கோ கட்டடத்துக்கு, இப்போது ஏயான் சென்டர், இத்தாலியிலிருந்து கராரா சலவைக்கல்லைக் கொண்டுவந்து மெல்லிய பலகைகளாக, சுமார் 43,000 பலகைகள், போர்த்தினார்கள். சூடும் குளிரும் மாறி மாறி அடிக்க, பலகைகள் வளைந்தன. 1990 முதல் 1992 வரை எல்லாவற்றையும் கழற்றி வெள்ளைக் கருங்கல்லாக மாற்றினார்கள். இருபது வருடம்கூட நிற்கவில்லை.

அப்புறம், வாழ்க்கையை வரைபடத்தில் சேர்க்க மறப்பது. ஏசியின் வெளி யூனிட் எங்கே போகும்? துணி எங்கே காயும்? மீன் பொரித்த புகை எங்கே போகும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத கட்டடத்தைத் தெருவில் நின்றே அடையாளம் காணலாம். யூனிட்டுகள் கண்ட இடத்தில் தொங்கும், அவற்றின் தண்ணீர்க் குழாய்கள் சுவரில் கோடு போடும், பல்கனியில் சாரமும் பள்ளிச் சீருடையும் ஆடும். பிறகு நிர்வாகம் துணி காயப்போடக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பும். ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். கொடி கட்ட இடம் விடாத வரைபடத்தைக் குறை சொல்லுங்கள். சமையலறைக்குப் பின்னால், சட்டங்கள் வைத்து மறைத்த நாலடிப் பல்கனி ஒன்று இருந்தால் இந்த மூன்றும் தீர்ந்துவிடும்.

தெருவில் நடக்கிறவருக்கும் கட்டடம் கடமைப்பட்டது. கொழும்பில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் நிலத்துக்கடியில் தோண்டுவது செலவான வேலை. அதனால் கீழ் மாடிகள் பலவற்றைக் கார் நிறுத்தவே ஒதுக்கிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் அந்த மாடிகளைத் தெருவுக்கு மொட்டைச் சுவராகவோ புகை வரும் கம்பித் தடுப்பாகவோ காட்டக் கூடாது. தெருப்பக்கம் பதினைந்தடி ஆழத்துக்குக் கடைகள் வைத்து, கார்களைப் பின்னால் தள்ளலாம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். உயரத்தில் மோதும் காற்று கட்டடத்தின் முகத்தோடு கீழே இறங்கி, மூலைகளில் வேகமெடுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 32 மாடி பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் அருகே 2011 மார்ச்சில் அப்படி வீசிய காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்து போனவர் ஒருவர் உயிரிழந்தார். பல வருடம் கழித்துத்தான் அங்கே காற்றைத் தடுக்கும் பெரிய தடுப்புகளை நிறுத்தினார்கள். காலிமுகத்திடல் பக்கம் ஜூன் மாதத்தில் குடை பிடித்து நடந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நுழைவாயிலுக்கு மேலே அகலமான கூரையும், கோபுரத்தைத் தெருவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி நிறுத்துவதும் பெரிய வித்தியாசம் செய்யும்.

தீயைப் பற்றி இரண்டு வார்த்தை. 2017 ஜூன் 14 லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். பழைய கட்டடத்துக்கு அழகு கூட்டப் போர்த்திய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் இருந்தது, இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. இங்கே ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) என்று சொல்லிப் பொருத்தும் தகடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். எளிதில் தீப்பிடிக்காத கனிமக் கலவை உள்ள ரகமும் கிடைக்கிறது. படிக்கட்டுக் கதவுக்குச் செங்கல் வைத்துத் திறந்து வைத்திருந்தால், புகை ஏறுவதற்கு நாமே வழி செய்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். இன்றைக்கே அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக லிஃப்ட். வீடு பார்க்கப் போகிறவர்கள் லிஃப்டுக்குள் பளிங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஆழத்தை அளக்க மாட்டார்கள். நான் இருந்த கட்டடத்தில் பதினோராம் மாடியில் ஒரு பாட்டி இருந்தார். மல்லாகத்திலிருந்து மகனோடு வந்து சேர்ந்தவர், மாலையில் மொட்டை மாடியில் என் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் இரவு பாட்டி விழுந்து இடுப்பு உடைந்தது. அம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகவில்லை. சரித்துப் பார்த்தார்கள், பாட்டி கத்தினார். கடைசியில் ஒரு போர்வையில் கிடத்தி, நாலு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்து, பதினோரு மாடியும் படியால் இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் “மெதுவா, மெதுவா ராசா” என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். லிஃப்டின் உள் ஆழம் நாலரை அடி. ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கு மேல்.