இணையச் சட்டம் எழுதுகையில் சறுக்கும் இடங்கள்

இணையத்தில் மிரட்டலும் ஆபாச வசவும் பெருகிவிட்டன. சட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் அதே இடங்களில் சறுக்குவதுதான் ஆச்சரியம்.

பெரிய தவறு, அளக்க முடியாத சொற்களைக் குற்றமாக்குவது. 2008 திருத்தத்தில் வந்த 66ஏ, எரிச்சலூட்டும் நோக்கில் அனுப்பிய மின்னஞ்சலுக்குக்கூட மூன்றாண்டு வரை சிறை என்றது. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல்? அதைக் காவல் நிலையம்தான் முடிவு செய்தது. 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று, மும்பையை அடுத்த பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவரோடு, அதற்கு லைக் போட்ட தோழியையும் கைது செய்தார்கள். லைக் போட்டதற்கு!

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏவை முழுதாக ரத்து செய்தது. விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம்; தூண்டிவிடும் கட்டத்தில்தான் அரசு தலையிடலாம் என்று கோடு கிழித்தது. இதேபோல எரிச்சலூட்டுவதைக் குற்றமாக்கிய, கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் அன்றே போனது. ஆனாலும் 2020இல் கேரள அரசு, பெண்கள் மீதான இணையத் தாக்குதலைத் தடுக்க என்று சொல்லி அதே காவல் சட்டத்தில் 118ஏ என்ற புதிய பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. நோக்கம் நல்லதென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு போல எழுதலாமே: சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுத்தாலோ பரப்பினாலோ குற்றம். இதில் குழப்பத்துக்கு இடம் குறைவு.

அடுத்தது, அரசே நீதிபதியாவது. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று தானே அமைக்கும் உண்மை சரிபார்ப்புக் குழு சொல்லும் என ஒன்றிய அரசு 2023இல் விதி போட்டது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் வேலையை ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது.

குறுகிய கெடுவும் பெரும் அபராதமும் சேர்ந்தால் நிறுவனங்கள் சந்தேகத்துக்கு இடமானதையெல்லாம் நீக்கிவிட்டுக் கைகழுவும். ஜெர்மனியின் 2017ஆம் ஆண்டு சமூக ஊடகச் சட்டம் மீது எழுந்த முக்கியக் குறையே இதுதான். வெளிப்படையான சட்டவிரோதப் பதிவை நீக்க அந்தச் சட்டத்தில் 24 மணி நேரக் கெடு இருந்தது, அபராதம் 5 கோடி யூரோ வரை இருந்தது.

ரத்தான சட்டத்தை அப்படியே விட்டுவிடுவதும் தவறுதான். சட்டப் புத்தகத்தில் 66ஏ முழுசாக இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் மட்டுமே இருக்கிறது என்று 2021இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். காவலர்கள் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.